கடலில்லாத ஊரில் கடல் ஃபேண்டஸி: புதிய தொடரைத் தொடங்க முழுமையான வழிகாட்டி

இதுவரை கோட்டையும் காடுமாக எழுதிவந்த ஒரு பிடித்த எழுத்தாளர் திடீரென்று கப்பலேறிவிடுகிறார். புதுத் தொடர், முதல் பாகமே தலையணை கனம். ஆசையாக வாங்கிய பலர் நூறு பக்கம் தாண்டும் முன்பே மூடிவைத்துவிடுகிறார்கள். கோவை, திருப்பூர், ஈரோடு, பொள்ளாச்சி என்று எந்த ஊராக இருந்தாலும், கடலைப் பார்க்க மெனக்கெட்டுப் போக வேண்டியவர்கள் நாம். ஆங்கிலம் நன்றாகவே வருகிறவர்களும், கப்பலும் மாயமும் கலந்த இந்தக் கடல் ஃபேண்டஸி வகைக் கதையில்தான் தடுக்கி விழுகிறார்கள்.

எங்கள் வாசிப்பு வட்டத்துக்குப் புதிதாக வருபவர்களைப் பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டது இது: அவர்கள் மாயத்தை முதலில் பிடிக்கப் பார்க்கிறார்கள், கப்பலைப் பற்றி வரும் பத்திகளைத் தாண்டிக் குதிக்கிறார்கள். வரிசையைத் திருப்பிப் போட வேண்டும். முதலில் கப்பல், பிறகு காற்று, பிறகு ஆட்கள், கடைசியில் மாயம். கப்பலால் எது முடியாது என்று தெரியாதவருக்கு, மாயம் நடந்ததே தெரியாமல் போய்விடும்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதல் பாகம், அதிலுள்ள வரைபடத்தின் பெரிய நகல், ஒரு நோட்டு, ஒரு பென்சில். இவ்வளவு போதும். பேனா வேண்டாம். முதல் ஐந்து அத்தியாயத்தில் எழுதும் குறிப்பில் பாதியை அழித்துத் திருத்த வேண்டிவரும்.

அகராதி ஆப்பைப் படிக்கும்போது திறந்து வைக்காதீர்கள். பாய்மரக் கப்பலில் ஒவ்வொரு கயிற்றுக்கும் ஒரு பெயர் உண்டு. ஒவ்வொன்றாகத் தேடினால் ஒரு புயல் காட்சியைக் கடக்க ஒரு மாலை போய்விடும். தேவையான சொற்கள் கொஞ்சம்தான், நான்காம் படியில் தருகிறேன்.

1. தனித் தொடரா, பழைய தொடரின் கிளையா என்று பாருங்கள்

வாங்குவதற்கு முன்பே செய்ய வேண்டியது இது. புதுத் தொடர் எழுத்தாளரின் பழைய உலகத்திலேயே நடக்கிறதா, பழையதைப் படிக்காமல் இதைப் படிக்கலாமா என்று இரண்டு கேள்விகள். இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறவர்கள்தான் அதிகம்.

ராபின் ஹாப் எழுதிய ‘லைவ்ஷிப் டிரேடர்ஸ்’ மூன்று பாகங்களை எடுத்துக்கொள்ளுங்கள் (1998, 1999, 2000). அதற்கு முந்தைய ‘ஃபார்சீர்’ மூன்று பாகங்கள் நடக்கும் அதே உலகம், ஆனால் வேறு கடற்கரை, வேறு ஆட்கள். ஃபார்சீர் படிக்காமலே இதைத் தொடங்கலாம். ஆனால் இதற்கு அடுத்து 2001-இல் தொடங்கிய ‘டானி மேன்’ மூன்று பாகங்களுக்குப் போவதாக இருந்தால் முந்தைய இரண்டையும் முடித்திருப்பது நல்லது. ஆகவே நேரம் இருக்கிறவர் வெளியான வரிசையிலேயே போகட்டும். கப்பலுக்காக மட்டும் வருகிறவர் நேராக இதில் ஏறலாம்.

ஷானன் சக்ரவர்த்தியின் அமீனா அல்-சிராஃபி கதை (2023) இன்னும் எளிது. 12-ஆம் நூற்றாண்டு இந்தியப் பெருங்கடலில், ஓய்வுபெற்ற ஒரு கடற்கொள்ளைத் தலைவி மறுபடி கப்பலேறுகிறாள். அதே எழுத்தாளரின் தேவாபாத் மூன்று பாகங்களைத் தொடாமலே இதைப் படிக்கலாம்.

இந்த விவரத்தைப் புத்தகத்தின் முன்பக்கங்களில் ‘இதே ஆசிரியரின் பிற நூல்கள்’ பட்டியலிலும், எழுத்தாளரின் சொந்தத் தளத்திலும் பாருங்கள். ரசிகர்கள் தொகுக்கும் விக்கிப் பக்கங்களுக்குப் போகாதீர்கள். ஒரு கதாபாத்திரத்தின் பெயரைத் தட்டினால் முதல் வரியிலேயே அவர் எப்படிச் செத்தார் என்று எழுதியிருக்கும்.

2. பழைய குரலை எதிர்பார்க்காதீர்கள்

பிடித்த எழுத்தாளர் என்பதே இங்கே ஒரு இடைஞ்சல். பழைய தொடரின் ருசியோடு உட்காருகிறோம், இவரோ சொல்லும் முறையையே மாற்றியிருப்பார்.

ஹாப்பின் ஃபார்சீர் முழுக்க ஒரே ஆள் தன் கதையைச் சொல்வது. லைவ்ஷிப்பில் அந்த ‘நான்’ கிடையாது. பலர் பார்வையில் மாறி மாறிக் கதை நகரும். சக்ரவர்த்தி இதற்கு நேர்மாறு: தேவாபாத்தில் பலர் பார்வை, அமீனாவில் அவளே எழுத்தர் ஒருவரிடம் தன் கதையைச் சொல்கிறாள், நடுநடுவே வம்பும் பேசுகிறாள்.

எனவே முதல் அத்தியாயத்தை முடித்ததும் நோட்டில் இரண்டு வரி எழுதுங்கள். யார் சொல்கிறார்கள்? எவ்வளவு தெரிந்தவர் சொல்கிறார்? பலர் பார்வையில் போகும் கதை என்றால், முதல் சில அத்தியாயங்களில் எவர்மேலும் பிடிப்பு வராது. அது கதையின் குறையாகவும் இருக்காது, உங்கள் குறையாகவும் இருக்காது. ஒவ்வொருவரும் இரண்டாம் முறை வரும்வரை பொறுங்கள்.

3. முதல் பாகத்தை வாங்குவது

ஜூலையில் கொடிசியாவில் நடக்கும் கோவைப் புத்தகத் திருவிழாவிலும், ஆடி ஆவணியில் ஈரோட்டில் நடக்கும் புத்தகத் திருவிழாவிலும் ஆங்கில அரங்குகள் இருக்கும். ஆனால் ஃபேண்டஸித் தொடர் வரிசையாகக் கிடைப்பது அரிது. பழைய புத்தகக் கடைகளில் பெரும்பாலும் இரண்டாம் பாகமோ மூன்றாம் பாகமோதான் கண்ணில் படும். முதல் பாகத்தை வைத்திருப்பவர்கள் அதை விற்பதில்லை போலிருக்கிறது. விலை மலிவு என்று இரண்டாம் பாகத்திலிருந்து தொடங்காதீர்கள். அட்டையில் எண் இல்லாவிட்டால் உள்ளே முதற்பதிப்பு ஆண்டைப் பார்த்து வரிசையை உறுதிசெய்துகொள்ளுங்கள்.

மின்நூலாக வாங்குவதாக இருந்தால் முதலில் இலவச மாதிரியை இறக்கிப் படியுங்கள். காசு கொடுக்கும் முன் சொல்லும் முறை பிடிக்கிறதா என்று அதிலேயே தெரிந்துவிடும்.

தொடர் முடியவில்லையே, காத்திருக்கலாமா என்று கேட்பார்கள். என் கணக்கு இது: அந்த எழுத்தாளர் இதற்குமுன் ஒரு தொடரையாவது ஒழுங்காக முடித்திருந்தால் இப்போதே தொடங்கலாம். முடிக்காமல் விட்ட வரலாறு இருந்தால், கடைசிப் பாகம் கைக்கு வரட்டும்.

4. கப்பலைத் தெரிந்துகொள்ளுங்கள்: ஒரு படம், பத்துச் சொல்

நோட்டின் முதல் பக்கத்தில் மேலிருந்து பார்ப்பதுபோல ஒரு கப்பல் வரையுங்கள். படம் அழகாக இருக்க வேண்டியதில்லை. முன்முனைக்கு ‘பௌ’, பின்முனைக்கு ‘ஸ்டெர்ன்’. முன்முனையைப் பார்த்து நின்றால் வலப்பக்கம் ‘ஸ்டார்போர்ட்’, இடப்பக்கம் ‘போர்ட்’. நடுவில் மூன்று பாய்மரங்கள்: முன்னது ‘ஃபோர்’, நடுவது ‘மெயின்’, பின்னது ‘மிஸ்ஸன்’. மேல்தளம் ‘டெக்’, அடியில் சரக்கு வைக்கும் அறை ‘ஹோல்ட்’, சுக்கானைத் திருப்பும் இடம் ‘ஹெல்ம்’.

வலம் இடம் என்று சொல்லாமல் எதற்கு வேறு சொல் என்றால், தளத்தில் ஆட்கள் எல்லாப் பக்கமும் திரும்பி நிற்பார்கள். உத்தரவு கேட்டதும் யோசிக்க நேரம் கிடையாது. ஆள் எப்படித் திரும்பினாலும் ஸ்டார்போர்ட் மாறாது.

இரண்டு தடுக்கல்கள் எல்லோருக்கும் வருகின்றன. ‘போர்ட் பக்கம் திருப்பு’ என்று வந்தால் துறைமுகத்துக்குப் போகிறார்கள் என்று படித்துவிடுவது ஒன்று. ‘ஷீட்’ என்பதைப் பாய்த்துணி என்று எடுத்துக்கொள்வது இன்னொன்று. ஷீட் என்பது பாயின் மூலையை இழுத்துக் கட்டும் கயிறு. புயலில் ஷீட் அறுந்தது என்றால் பாய் கிழியவில்லை, பிடி விட்டுப்போய் அடித்துக்கொண்டிருக்கிறது. அந்தக் காட்சியின் ஆபத்தே வேறு.

மற்றக் கயிற்றுப் பெயர்களையெல்லாம் ‘ஏதோ ஒரு கயிறு’ என்று வைத்துக்கொண்டு மேலே போங்கள். கதைக்கு அது முக்கியம் என்றால் எழுத்தாளரே நிறுத்திச் சொல்வார்.

5. வரைபடத்தை அளந்து பாருங்கள்

புத்தகத்தின் தொடக்கத்தில் இருக்கும் வரைபடத்தை ஜெராக்ஸ் கடையில் ஏ3 தாளில் பெரிதாக்கிக்கொள்ளுங்கள். மின்நூலில் இருப்பது பெரும்பாலும் மங்கல். எழுத்தாளரின் தளத்திலோ பதிப்பகத்தின் தளத்திலோ தெளிவானது கிடைக்கிறதா என்று பாருங்கள். ஆரம்பத்திலேயே ஊர்ப்பெயர்களை எல்லாம் மனப்பாடம் செய்ய முயலாதீர்கள். கப்பல் போய்ச்சேரும் துறைமுகத்தை மட்டும், போய்ச்சேர்ந்த பிறகு, பென்சிலால் வட்டமிடுங்கள்.

பிறகு தூரம். கப்பலின் வேகத்தை ‘நாட்’ என்ற அளவில் சொல்வார்கள். ஒரு நாட் என்பது மணிக்கு 1.852 கிலோமீட்டர். சரக்கு ஏற்றிய பாய்மரக் கப்பல் நல்ல காற்றில் ஐந்து நாட் வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொண்டால், இரவு பகல் சேர்த்து ஒரு நாளில் 222 கிலோமீட்டர். கொச்சியிலிருந்து லட்சத்தீவின் கவரத்திக்கு ஏறக்குறைய 400 கிலோமீட்டர், அதாவது இரண்டு நாளுக்குக் கொஞ்சம் குறைவு. ஆழத்துக்கு வரும் ‘ஃபேதம்’ ஆறடி.

வரைபடத்தில் அளவுகோல் இருந்தால், முதல் பயணத்தை இந்தக் கணக்கில் போட்டுப் பாருங்கள். பத்து நாள் ஆக வேண்டிய வழியை மூன்றே நாளில் கடந்தால், எழுத்தாளர் கவனக்குறைவாக இருக்கிறார், அல்லது ஏதோ மாயம் நடக்கிறது. நல்ல எழுத்தாளர் என்றால் பெரும்பாலும் இரண்டாவதுதான். அதை நோட்டில் ஒரு கேள்விக்குறியோடு குறித்துவையுங்கள்.

6. காற்று: இந்தப் படியில் நிதானமாக இருங்கள்

கதை பிடிபடுவதும் கைநழுவுவதும் இங்கேதான். ஒரு தம்பி எங்கள் வட்டத்தில் கேட்டது: “ஏனுங்கண்ணா, ஊரு கண்ணுக்குத் தெரியுது. நேராப் போய்ச் சேராம எதுக்குங்க இப்படிக் கோணக் கோணயாப் போறாங்க?”

பாய்மரக் கப்பலால் காற்று வரும் திசையை நோக்கி நேராகப் போக முடியாது. சதுரப் பாய் கட்டிய கப்பல் காற்றின் திசையிலிருந்து குறைந்தது 60 பாகையாவது விலகித்தான் ஓட முடியும். முக்கோணப் பாய் கட்டியது இன்னும் கொஞ்சம் நெருங்கும். ஆகவே கொஞ்ச தூரம் ஒரு பக்கம் சாய்ந்து ஓடி, திரும்பி, மறுபக்கம் சாய்ந்து ஓடி, இப்படியே முன்னேறுவார்கள். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் ஏறுவதை நினைத்துக்கொள்ளுங்கள். உச்சி கண்ணுக்குத் தெரிந்தாலும் நேராக ஏற வழியில்லை. இப்படித் திரும்புவதை ‘டாக்’ என்பார்கள்.

60 பாகை விலகி ஓடும் கப்பல் நூறு கிலோமீட்டர் முன்னேற இருநூறு கிலோமீட்டர் ஓட வேண்டும். தண்ணீரும் சோறும் அந்தக் கணக்குக்கு வேண்டும். கதையில் கலகம், பசி, தவறான தீவில் இறங்குவது என்று பாதிச் சிக்கல்கள் இங்கிருந்துதான் முளைக்கின்றன.

அடுத்து, காற்றுப் பக்கம், காற்றுக்கு மறைவுப் பக்கம். இரண்டு கப்பல்கள் சண்டையிடும்போது காற்று வரும் பக்கத்தில் இருப்பது எப்போது நெருங்குவது என்று தானே முடிவு செய்யலாம். மறைவுப் பக்கத்தில் இருப்பதற்கு அந்த வசதி கிடையாது. அதேபோல, காற்று தள்ளிக்கொண்டு போகும் திசையில் கரை இருந்தால் கப்பலுக்கு அது பெரிய ஆபத்து. கரையைக் கண்டதும் மாலுமிகள் ஏன் பயப்படுகிறார்கள் என்று புதியவர்கள் குழம்புவது இதனால்தான். நமக்குக் கரை என்றால் பிழைத்தோம் என்று தோன்றுகிறது. அவர்களுக்கு அது பாறை.

கதை இந்தியப் பெருங்கடலில் நடந்தால் நமக்கு ஒரு அனுகூலம் உண்டு. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று, குளிர்காலத்தில் வடகிழக்குக் காற்று. அரபிக் கரையிலிருந்து இங்கே வர முன்னது, திரும்பிப் போகப் பின்னது. உச்ச மழைக்காலத்தில் மேற்குக் கரையில் கடல் கொந்தளிக்கும், அப்போது ஒதுங்கியிருப்பார்கள். காலம் தவறினால் துறைமுகத்திலேயே மாதக்கணக்கில் காத்துக்கிடக்க வேண்டும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடியில் நம் பக்கம் புழுதி கிளப்பிக்கொண்டு வருவதும் அதே தென்மேற்குக் காற்றுதான். பல்லடம், உடுமலைப் பக்கம் காற்றாலைகள் அந்த மாதங்களில் எந்தப் பக்கம் முகம் திருப்பி நிற்கின்றன என்று ஒருமுறை பாருங்கள். காற்று வரும் திசை அது. அந்தத் திசையில் போக விரும்பும் கப்பலுக்கு என்ன பாடு என்று தானாகப் புரியும்.

நோட்டில் ஒவ்வொரு பயணத்துக்கும் ஒரு அம்புக்குறி காற்றுக்கு, ஒன்று கப்பலுக்கு. இரண்டும் நேருக்கு நேர் எதிராக இருந்து கப்பல் சுகமாக ஓடினால், அந்த வரியை அடிக்கோடிடுங்கள். எட்டாம் படியில் தேவைப்படும்.

7. மணியும் ஆட்களும்

கப்பலில் நாள் நான்கு நான்கு மணி நேரக் காவல்களாகப் பிரியும். அரை மணிக்கு ஒருமுறை மணி அடித்து, ஒவ்வொரு முறையும் ஒன்று கூட்டுவார்கள். ‘எட்டு மணி அடித்தது’ என்றால் காவல் முடிந்தது என்று பொருள், கடிகாரத்தில் எட்டு என்று பொருளில்லை. அது நடுச்சாமமாகவும் இருக்கலாம், பகல் பன்னிரண்டாகவும் இருக்கலாம். மாலை நான்கு முதல் எட்டு வரையுள்ள காவலை மட்டும் இரண்டாக உடைப்பார்கள். அப்படிச் செய்தால் நாளுக்கு ஏழு காவல் ஆகும், ஒரே ஆட்கள் தினமும் நடுச்சாமத்தில் மாட்டிக்கொள்ள மாட்டார்கள்.

ஆட்களைக் குறிக்கும்போது வம்சாவளி வரையாதீர்கள். நம் ஆட்களுக்கு இது ஒரு பழக்கம். யார் மகன், யாருக்கு ஒறம்பரை என்றே முதலில் எழுதுவார்கள். பெயருக்கு எதிரே, கப்பலில் அவருக்கு என்ன வேலை, அந்த வேலையில் யாருக்கு உத்தரவு போடலாம் என்று மட்டும் எழுதுங்கள். நடுக்கடலில் அதிகாரம் வேலையைப் பொறுத்தது. வாரிசாகவே இருந்தாலும் தளம் துடைக்கும் பையன் பையன்தான்.

ஒரு எச்சரிக்கை. ‘குவார்ட்டர்மாஸ்டர்’ என்ற பதவி, கடற்கொள்ளையர் கப்பலில் தலைவனுக்கு அடுத்த இடம். பங்கு பிரிப்பதும் வழக்கு தீர்ப்பதும் அவர்தான். கடற்படைக் கப்பலில் அதே பெயர் சுக்கான் பக்கத்தில் நிற்கும் சிறிய பதவி. உங்கள் கதை எந்தக் கப்பலில் நடக்கிறது என்று பார்த்து எழுதுங்கள்.

8. இப்போது மாயம்

சுமார் நூறு பக்கம் ஆனபின் ஒரு புதுப் பக்கத்தில் நெடுக்காகக் கோடு போட்டு மூன்று பத்தி பிரியுங்கள்: என்ன செய்தது, யார் செய்தார், என்ன விலை கொடுத்தார். மூன்றாவது பத்தியில்தான் கதை இருக்கும். லைவ்ஷிப்பில் கப்பலே பேசும், நினைக்கும். ஆனால் அதற்கு உயிர் வர, சொந்தக்காரக் குடும்பத்தின் மூன்று தலைமுறையினர் அதன் தளத்தில் உயிர்விட்டிருக்க வேண்டும். அப்படிப்பட்ட கப்பலை விற்பது, கடனுக்கு அடகு வைப்பது என்று பேச்சு வந்தால் அந்தக் குடும்பம் ஏன் துடிக்கிறது என்று விளக்கம் வேண்டியதில்லை.

ஆறாம் படியில் அடிக்கோடிட்ட வரிகளையும் ஐந்தாம் படியில் போட்ட கேள்விக்குறிகளையும் இங்கே கொண்டுவாருங்கள். எழுத்தாளர் மாயம் என்று பெயர் சொல்வதற்கு முன்பே சில இடங்களை நீங்கள் பிடித்திருப்பீர்கள்.

விலைப் பத்தி காலியாகவே இருந்தால் அவசரப்பட்டுக் குறை சொல்லாதீர்கள். மறைத்து வைத்திருக்கலாம். முதல் பாகம் முடியும்போதும் காலியாக இருந்தால், அப்போது குறை சொல்லலாம்.

9. எங்கே நிறுத்துவது, எங்கே கைவிடுவது

பக்க எண்ணை வைத்துக் கைவிட வேண்டாம். கடல் ஃபேண்டஸி பெரும்பாலும் துறைமுகத்தில் கணக்குவழக்கு, கடன், ஆள்சேர்ப்பு என்று மெதுவாகத் தொடங்கும். கப்பல் முதல்முறையாகக் கரை கண்ணுக்குத் தெரியாத தூரம் போய், ஒரு சிக்கலில் மாட்டித் திரும்பும்வரை படியுங்கள். அதன்பிறகும் யார் பிழைத்தார்கள் என்ற கவலையே வரவில்லை என்றால் தயங்காமல் விட்டுவிடலாம்.

தினம் பத்துப் பக்கம் படிப்பதைவிட ஒரே மூச்சில் ஒரு பயணம் படிப்பது இந்த வகைக்கு நல்லது. புயல் நடுவில் மூடிவைத்தால், அடுத்த நாள் காற்று எந்தப் பக்கம், யார் எங்கே என்று மறந்து மறுபடி நான்கு பக்கம் பின்னால் போக வேண்டும். நங்கூரம் போட்ட இடத்தில் நிறுத்துங்கள்.

இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து படிப்பதானால் அத்தியாயத்தைக் குறிக்காமல் துறைமுகத்தைக் குறியுங்கள்: “அந்தத் தீவு வரைக்கும் படிச்சிட்டு ஞாயித்துக்கிழமை பேசலாமுங்க.” முந்திக்கொண்டு போகிறவர் வாயை விடாமல் இருக்க இதுதான் வசதி.

10. இரண்டாம் பாகத்துக்கு முன்

முதல் பாகத்தை முடித்த அன்றே, அலமாரியில் வைக்கும் முன், ஒரு பக்கம் எழுதுங்கள். கப்பல் இப்போது எங்கே நிற்கிறது, யார் கையில் இருக்கிறது, யார் யாருக்குக் கடன், தீராத கேள்விகள் எவை. அடுத்த பாகம் வர ஒரு வருடமோ அதற்கு மேலோ ஆகலாம். அப்போது முழுப் புத்தகத்தையும் மறுபடி புரட்டாமல் இந்த ஒரு பக்கம் காப்பாற்றும்.

அடுத்த பாகமும் கடலிலேயே நடக்கும் என்று நம்பிக்கொண்டு போகாதீர்கள். உர்சுலா லெ குவினின் எர்த்சீ தொடரில் முதல் நூல் (1968) தீவு தீவாகப் படகில் அலைகிறது. இரண்டாவது (1971) பெரும்பாலும் பாலைநிலத்தில், நிலத்தடிச் சுரங்கங்களில் நடக்கிறது. மூன்றாவதில் (1972) மறுபடி கடல். இரண்டாவதில் கோபித்துக்கொண்டு நிறுத்தியவர்கள் மூன்றாவதை இழந்தார்கள். ஆகவே இரண்டாம் பாகத்தின் முதல் அத்தியாயத்தைப் படித்துவிட்டு மறுபடி இரண்டாம் படிக்கு வாருங்கள்: யார் சொல்கிறார்கள், எவ்வளவு தெரிந்து சொல்கிறார்கள். முதல் பாகத்தை முடிக்கும்வரை இரண்டாம் பாகத்தின் பின்னட்டையைப் படிக்காதீர்கள். முதல் பாகத்தின் முடிவைப் பெரும்பாலும் அங்கே முதல் வரியிலேயே போட்டுவிடுவார்கள், நீங்கள் இரவல் கொடுக்கப்போகும் ஆளுக்கும் அதைச் சொல்லிவையுங்கள்.